ஹார்ட்வார்ம் சிகிச்சையில் இருக்கும் நாயை ஓடாமல் வைத்திருப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம், ஹூஸ்டனில் இருக்கிறோம். ரெண்டு மாதம் முன்பு காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்தோம், பெயர் முறுக்கு, வயது 3. ரத்தப் பரிசோதனையில் ஹார்ட்வார்ம் இருப்பதாக வந்துவிட்டது. கொசுக்கடியால் வரும் புழுவாம், ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் இதயத்திலும் 5 முதல் 7 வருடம் வரை உயிரோடு கிடக்குமாம். ஊரில் நாய் வளர்த்த காலத்தில் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை முடிந்தது. அடுத்த வாரம் புழுவைக் கொல்லும் மெலார்சோமின் மருந்தின் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாள் இன்னும் ரெண்டு. செத்த புழுத்துண்டுகள் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், கடைசி ஊசிக்குப் பிறகும் 6 முதல் 8 வாரம் வரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்கிறார் டாக்டர். இவனோ அணிலைப் பார்த்தால் கண்ணாடிக் கதவையே உடைக்கப் பார்க்கிற ஆள்!

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், நாள் முழுக்கக் கூண்டில்தான் வைத்தீர்களா, அமைதிப்படுத்தும் மாத்திரை கேட்டு வாங்கினீர்களா?

அப்புறம், வீட்டை விட்டு வெளியே போகாத பூனை ஒன்றும் உண்டு. பூனைக்கு வந்தால் இந்த ஊசியும் போட முடியாதாம், மாதாமாதம் தடுப்பு மருந்துதான் வழி. மாத்திரையைத் துப்பிவிடுகிறது. கழுத்தில் விடும் சொட்டு மருந்து பயன்படுத்துபவர்கள் இருக்கிறீர்களா, நக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?