கப்பல் கவிழ்வதை மேடையில் காட்டுவது எப்படி?

கேள்வி:
கப்பல் கவிழ்வது, நிலம் நடுங்குவது போன்றவற்றைக் காட்டிய எழுபதுகளின் ஹாலிவுட் பேரிடர்ப் படங்களுக்கே உரிய வழக்கங்களைக் கலைத்துப்போட்டு எங்கள் குழு ஒரு நாடகம் எழுதி வருகிறது. யாரும் காதில் வாங்காத நிபுணர், செலவைக் குறைக்கத் துடிக்கும் முதலாளி, ஒருவரையொருவர் அறியாத பயணிகள் ஆகியோர் நன்றாகவே அமைந்துவிட்டார்கள். கப்பல் கவிழும் காட்சியில்தான் திணறுகிறோம். பின்திரையில் காணொளி ஓட்டலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
காணொளி வேண்டாம். அதைக் கண்டதும் பார்வையாளர் சினிமாவோடு ஒப்பிடுவார், அந்தப் போட்டியில் நாடகம் தோற்கும். 1974இல் நிலநடுக்கத்தைப் பற்றிய ‘எர்த்க்வேக்’ படத்திற்காகத் திரையரங்குகளில் பெரிய ஒலிபெருக்கிகளை நிறுவி, காதைவிட உடம்பே உணரக்கூடிய தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பினார்கள். வெறும் காட்சி போதாது என்பதைச் சினிமாவே ஒப்புக்கொண்ட இடம் அது. உங்களிடம் நடிகர்களின் உடம்பு இருக்கிறது. அனைவரும் ஒரே நொடியில் ஒரே பக்கம் சாய்ந்தால் தளமே சாய்ந்ததாகத் தோன்றும். ஒருவர் சற்றுப் பிந்தினாலும் அரங்கம் சிரித்துவிடும் என்பதால் ஒத்திகைதான் செலவு.

மறுமொழி 2:
சாய்வது சரி, ஆனால் அது சில நொடிகளில் முடிந்துவிடும். கி.மு. 472இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில், பாரசீகர்கள் கிரேக்கரிடம் தோற்ற சலாமிஸ் கடற்போர் மேடைக்கு வருவதே இல்லை. ஒரு தூதன் வந்து சொல்கிறான், போருக்குப் போன மகனின் நிலை தெரியாத பாரசீக அரசி கேட்கிறாள். கப்பல் கவிழ்வதையும் அப்படி ஒருவர் சொல்லட்டும், அதைக் கேட்பவர் அந்த முதலாளியாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
தப்பித்து வந்தவர் யார் என்பது அப்போதே தெரிந்துவிடுமே, பதற்றம் குறையாதா?

மறுமொழி 2:
இறந்த ஒருவரையே சொல்ல வையுங்கள். பேரிடர்ப் படங்களில் யார் எப்போது சாகிறார் என்பதே ஒரு தீர்ப்பு. பேராசைக்காரனுக்குத் தண்டனை, தியாகிக்கு நீண்ட விடைபெறல், பெயரற்றவர்களுக்கு ஒரு கூச்சல் மட்டும். மேடையில் இறந்தவரை வெளியே அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பெயரற்றவர்கள் தங்கள் நாற்காலிகளிலேயே அமர்ந்து, உயிரோடிருப்பவர்களின் வீரவசனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

மறுமொழி 1:
இதை ஏற்கிறேன். அப்படியானால் சாய்வை ஒரே முறை வையுங்கள், அதில் இறந்தவர்கள் மட்டும் அசையாமல் இருக்கட்டும்.