தடுப்பணைக்குக் கீழே

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு

6:08 பெரியப்பா: தடுப்பணைக்குக் கீழே ஓடை முழுக்க மீன் செத்து மிதக்கிறது. நடக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

6:09 பெரியப்பா: [புகைப்படம்]

6:15 சித்தி: ஐயோ, எத்தனை கெண்டை! இன்றைக்கு யாரும் மீன் வாங்க வேண்டாம். சந்தையில் இதையே கொண்டுவந்து வைத்தாலும் வைப்பார்கள்.

6:17 சின்ன மாமா: சாயப் பட்டறைக்காரன் வேலைதான், வேறென்ன. ராத்திரி மழை பெய்ததல்லவா, அந்தச் சாக்கில் திறந்துவிட்டிருப்பான். மழை வந்தால் அவர்களுக்கு நோம்பி.

6:24 அக்கா: மாமா, ஒரு நிமிஷம். பெரியப்பா, எல்லா மீனும் செத்திருக்கிறதா, சிலது மட்டுமா? விரால் கிடக்கிறதா பாருங்கள்.

6:26 பெரியப்பா: செத்த மீனில் சாதி பார்க்கச் சொல்கிறாயா கண்ணு?

6:27 அக்கா: இதில் மட்டும் பார்க்கத்தான் வேண்டும் பெரியப்பா 😀

6:43 பெரியப்பா: குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன். கெண்டையும் ரோகுவும்தான் நிறைய. ஜிலேபி கொஞ்சம். விரால் ஒன்றுகூட இல்லை. ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போனது. பெரிய மீன்தான் அதிகம் செத்திருக்கிறது, பொடிசெல்லாம் ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தவளை பாட்டுக்குக் குதிக்கிறது.

6:50 அக்கா: அப்படியென்றால் மூச்சு முட்டித்தான் செத்திருக்கிறது. விராலும் அந்தக் கெளுத்தியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், கெண்டைக்கு அது முடியாது. கடுமையான விஷமாக இருந்தால் பெரும்பாலும் பொடிசு முதலில் போகும், தவளை, நத்தைகூட மிஞ்சாது. விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, பாசியும் ராத்திரி முழுக்க அதையே மூச்சாக இழுக்கும்.

6:52 சின்ன மாமா: ஆக, பட்டறைக்காரன் உத்தமன். அப்படித்தானே பாப்பா?

6:55 அக்கா: நான் எங்கே அப்படிச் சொன்னேன் மாமா? எப்படிச் செத்தது என்பதுதான் இப்போது தெரிகிறது. ஏன் ஆக்ஸிஜன் போனது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

6:58 சின்ன மாமா: ஒரத்துப்பாளையத்தை மறந்துவிட்டீர்களா எல்லோரும்? பாசனத்துக்கென்று 1992-ல் நொய்யலில் கட்டிய அணை, கடைசியில் சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகப் போனது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் திருப்பூர்ப் பட்டறைகளையே மூடச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் பயம் வந்தது. நான் சும்மா பேசவில்லை.

7:02 பெரியப்பா: மாப்பிள்ளை, கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே தண்ணீரில் கலர் ஒன்றும் தெரியவில்லை. கருப்பாக, சேறு கலக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம்.

7:03 அக்கா: அழுகிய முட்டையா? நிச்சயமாகவா?

7:04 பெரியப்பா: அறுபத்தெட்டு வயதுக்கு மூக்கு மட்டும்தான் நன்றாக வேலை செய்கிறது.

7:10 அம்மாயி: [குரல் செய்தி, 1:12]

7:14 நான்: அம்மாயி பேசியதில் பாதி காற்றுச் சத்தம். அந்த ஓடைத் தண்ணீரில்தான் பருப்பு வேக வைத்தோம், கூழாங்கல் தெரியும் என்கிறது. கடைசியில் "யாரும் ஓடைக்குள் இறங்காதீங்க சாமி" என்று மூன்று தடவை.

7:31 தம்பி: எழுந்துவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும் அக்கா?

7:36 அக்கா: ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதல்லவா, தண்ணீரில் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டுமே, அதை எடுத்துக்கொண்டு ஓடை ஓரமாகவே மேலே போ. சாயம் ஏற்றும்போது உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். கலரை எடுத்துவிட்டாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ, அதற்குக் கொஞ்சம் மேலே ஏதோ கலக்கிறது என்று வைத்துக்கொள். அப்புறம், இப்போதுதான் துடித்துச் சாகிற மீன் இரண்டை ஐஸில் வை. ஊதிப்போன மீன் எதற்கும் ஆகாது. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றே இல்லாமல் வாய்வரை நிரப்பு. கையுறை போட்டுக்கொள்.

7:38 சித்தி: அந்த மீன் என் ஃபிரிட்ஜுக்குள் வரக்கூடாது. மாவு இருக்கிறது.

8:20 கொச்சி மச்சான்: இப்போதுதான் பார்த்தேன். 2024 மே மாதம் இங்கே பெரியாற்றில் நடந்தது அப்படியே கண்ணுக்கு வருகிறது. ஏலூர், எடயார் பக்கம் ஆற்றோரம் முழுக்கத் தொழிற்சாலை. மழைக்காகப் பாதாளம் என்கிற இடத்து ரெகுலேட்டர், அதாவது ஆற்றுத் தடுப்பணை, அதன் ஷட்டரைத் திறந்தார்கள், அதற்குப் பிறகு வராப்புழை, கடமக்குடி வரைக்கும் ஆறு வெள்ளையாக மீன். கூண்டு போட்டு வளர்த்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

8:23 நான்: கடைசியில் என்ன காரணம் சொன்னார்கள் மச்சான்?

8:27 கொச்சி மச்சான்: அங்கேதான் சண்டை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆக்ஸிஜன் குறைவு, ஷட்டர் திறந்ததால் வந்தது என்றது. மீன்வளப் பல்கலைக்கழகம் சோதித்துவிட்டு அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்தது என்றது. அந்த முட்டை நாற்றம்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

8:31 அக்கா: பெரியப்பா, தடுப்பணையில் மணல்போக்கி ஷட்டர் திறந்திருக்கிறதா?

8:40 பெரியப்பா: முக்கால்வாசி திறந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் மூடித்தான் இருந்தது.

8:41 சின்ன மாமா: யார் திறந்தது?

9:55 தம்பி: [புகைப்படம்]

9:58 தம்பி: வெயில் மண்டையைப் பிளக்கிறது. தடுப்பணைக்குக் கீழே 910. மேலே 890. அங்கிருந்து நடந்து சாக்கடை வந்து சேரும் இடத்தில் 1150. அதற்கும் மேலே பாலத்தடியில் 640. ஆனால் சாக்கடைக்கும் பாலத்துக்கும் நடுவே புதருக்குள் ஒரு குழாய் இருக்கிறது. இப்போது தண்ணீர் வரவில்லை. வாய்க்குக் கீழே மண் கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் உப்புப் பூத்திருக்கிறது. போட்டோவில் தெரியும்.

10:01 சின்ன மாமா: சொன்னேனா இல்லையா!

10:06 அக்கா: சொன்னீர்கள் மாமா. ஆனால் தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் உப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே மீன் செத்திருக்கிறதா தம்பி?

10:08 தம்பி: ஒன்றுகூட இல்லை. நன்றாக நீந்துகிறது.

10:15 அக்கா: அதுதான் விஷயம். ராத்திரி புதிதாக எதையோ திறந்துவிட்டிருந்தால் மேலே இருப்பதும் செத்திருக்க வேண்டும். தடுப்பணைக்குப் பின்னால் பல வருஷமாகச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் படிந்து படிந்து சேறாகக் கிடந்திருக்கிறது. அடி ஷட்டரைத் திறந்ததும் அது ஒரேயடியாகக் கிளம்பி, கீழே இருந்த ஆக்ஸிஜனைக் குடித்துவிட்டது என்று நினைக்கிறேன். 30 டிகிரி சூட்டில் சுத்தமான தண்ணீரிலேயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மீன் வளர லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. மீட்டர் வைத்து அளந்தால்தான் உறுதி.

11:32 சித்தப்பா: ஷட்டரைத் திறந்தது நான்தான்.

11:32 சித்தப்பா: ராத்திரி 11 மணிக்கு வாழைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. குலை தள்ளுகிற நேரம். யாரையும் கேட்கத் தோன்றவில்லை, போய்த் திருகிவிட்டேன். காலையிலிருந்து இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதக் கை வரவில்லை.

11:34 சித்தி: என்னிடம்கூடச் சொல்லவில்லையே!

11:38 பெரியப்பா: டேய், தண்ணீர் ஏறினால் யாராக இருந்தாலும் திறக்கத்தான் செய்வான். நம் அப்பா எத்தனை தடவை திறந்திருக்கிறார், அப்போதெல்லாம் மணல்தான் போனது.

11:45 சின்ன மாமா: சரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுப்போம், ஆனால் அதில் ஷட்டர் பேச்சே வேண்டாம். குழாய், சாக்கடை இரண்டை மட்டும் எழுதுவோம். நம் ஆளை நாமே ஏன் மாட்டிவிட வேண்டும்?

11:52 அக்கா: எழுதித்தான் ஆக வேண்டும் மாமா. நாம் மறைத்தால் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார்கள். "ஷட்டர் திறந்ததால் ஆக்ஸிஜன் குறைவு" என்று ஒரு வரி எழுதி ஃபைலை மூடிவிடலாம். சேறு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

11:54 கொச்சி மச்சான்: நூற்றுக்கு நூறு.

12:03 அக்கா: இன்னொன்று. தம்பி எடுத்த பாட்டில் கோர்ட்டில் நிற்காது. 1974 நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி வாரியத்து ஆட்களே வந்து, சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். நம் பாட்டில் அவர்களை இங்கே வரவழைக்க மட்டும்தான். தண்ணீரை மட்டும் எடுத்துப் போய்விடாமல், தடுப்பணைக்குப் பின்னால் இருக்கும் சேற்றையும் அந்தக் கத்தரிப்பூ மண்ணையும் எடுக்கச் சொல்லி மனுவிலேயே கேட்போம். குழாய் யாருடையது என்று நாம் ஊகித்து எழுத வேண்டாம், இருக்கும் இடத்தை மட்டும் குறிப்போம்.

12:10 சின்ன மாமா: சரி பாப்பா. ஊகிக்கவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் ஊகிக்கவில்லை.

12:26 நான்: மனு டைப் அடித்துவிட்டேன். திறந்த நேரம் ராத்திரி 11 என்று போட்டிருக்கிறேன். "ஒரு விவசாயி" என்று எழுதட்டுமா, பெயர் போடட்டுமா சித்தப்பா?

12:31 சித்தப்பா: பெயரே போடு. சர்வே நம்பரையும் சேர்த்துப் போடு. எத்தனை திருகு திருகினேன் என்று கேட்டால் அதையும் சொல்கிறேன், பதினாலு.

12:33 தம்பி: ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. மீனை எங்கே வைப்பது?

12:34 சித்தி: மாவை வெளியே எடுத்துவிட்டேன். கொண்டு வா.