பாதையை அடைத்தார்கள், நிலம் தானாகப் போனது

பாகலூர்க்காரன்:
எங்களுக்கு மூன்றே கால் ஏக்கர். மேட்டில் கேழ்வரகும் அவரையும், கிணற்றடியில் கோஸ், தக்காளி. யாரும் மிரட்டிப் பிடுங்கவில்லை, கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். ஆனால் விலைக்கு ஆசைப்பட்டுப் போடவில்லை.

ரோட்டோரம் இருந்த பங்காளிகள் ஒவ்வொருவராக விற்றார்கள். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனபிறகு புரோக்கர் வராத வாரமே இல்லை. வாங்கியவர் ஜேசிபி விட்டு வரப்பையெல்லாம் நிரவி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பினார். எங்கள் வண்டித்தடம் சுவருக்குள் போய்விட்டது. போய்க் கேட்டால், "எந்த ரெக்கார்டுல இருக்கு, காட்டுங்க" என்றார். சர்வே அளந்து வரைந்த புலப்படத்தில் இல்லைதான். தாத்தா காலத்தில் பங்காளிகள் வாய்ப்பேச்சில் விட்ட தடம் அது.

டிராக்டர் நின்றது. தக்காளிப் பெட்டியைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மண்டியில் விலை விழுந்த நாளில் சுமைகூலிக்கே கட்டாது. கூலிக்கும் ஆள் எங்கே? இளவட்டம் எல்லாம் சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறது.

பாதையில்லாத நிலத்தை அவரைவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? அவர் சொன்னதுதான் விலை. ஏக்கர் கணக்கில் வாங்கி, சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ரோடு, பூங்கா போக மிச்சமெல்லாம் காசு.

பத்திரப்பதிவன்று அப்பாவின் ரேகை மெஷினில் விழவில்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். "அவருக்கே இஷ்டமில்ல போல" என்று அங்கே ஒருத்தர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

தளி ரோடு:
அண்ணா, எங்களுக்கும் இதே கதைதான். ஆனால் சுவருக்குக் கடைக்கால் தோண்டும்போதே முன்சீப் கோர்ட்டுக்குப் போய்விட்டோம். புலப்படத்தில் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்றார் வக்கீல். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு நடந்த பாதையைக் கேட்கலாம். அடைத்துவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பாகம் பிரித்த நிலத்தில் ஒரு பங்குக்கு வேறு வழியே இல்லையென்றால், அதற்குத் தனியாகவே உரிமை இருக்கிறதாம். எங்களைக் காப்பாற்றியது பழைய பாகப்பிரிவினைப் பத்திரம். கடைசிப் பக்கத்தில் 'வண்டிப்பாதை பாத்தியம் உள்பட' என்று ஒரு வரி இருந்தது. இடைக்காலத் தடை கிடைத்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. நிலம் கேட்டு வரும் புரோக்கர்களிடம் முதலில் வழக்கு நம்பரைச் சொல்லிவிடுகிறோம். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.