சூப்பர்வைசர் போனதும் மாஸ்க் தாடைக்கு எறங்கிருது: தொற்றுக் காலத் திட்டம் எழுத யோசனை வேணுமுங்க

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. எங்க தையல் கம்பெனில, சரக்கு வாங்கற பையர் பண்ற ஆடிட்டுக்காக தொற்றுநோய்க் காலத் திட்டம் ஒன்னு எழுதணும். பேப்பருக்கு எழுதறதுன்னா ஒரு மணி நேர வேலை. நெசமா நடக்கற மாதிரி எழுதணும்னுதான் இங்க கேக்கறேன்.

தையல் ஹால் 120 அடி நீளம், 40 அடி அகலம், 14 அடி உசரம். நாலு லைன், செக்கிங், அயனிங் எல்லாம் ஒரே கூரைக்கடியில, 110 பேர். பாதிப் பேர் பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி பக்கமிருந்து கம்பெனி வேன்ல வர்றவங்க. மீதி ஒடிசா, பீகார் ஆளுங்க, ஹாஸ்டல்ல இருக்காங்க. கொரோனா அப்ப எல்லா ஊர் தையல் ஹால்லயும் நடந்ததுதான்: சூப்பர்வைசர் தலை தெரிஞ்சா மாஸ்க் மூக்குக்கு ஏறும், போனா எறங்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுட்டு வேலைக்கு வந்துருவாங்க. போஸ்டர் ஒட்டறதைத் தாண்டி என்ன பண்ணலாமுங்க?

பதில்: கணக்கு நோட்டு

காய்ச்சலை மறைக்கறவங்களுக்கு விவரம் தெரியாம இல்லீங்க. சனிக்கிழமை சம்பளம் எவ்வளவு கொறையும்னு நல்லாத் தெரியும். வாரம் பூரா வந்தாத்தான் அட்டெண்டன்ஸ் போனஸ்னு ஒரு விதி, காய்ச்சல் வந்தா வீட்லயே இருங்கன்னு ஒரு போஸ்டர். ரெண்டுல எது ஜெயிக்கும்னு சொல்லவே வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கேன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும். ஓட்டை எங்கன்னா, முதல் ரெண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தின லீவு முடிஞ்ச 15 நாளுக்குள்ள மறுபடி படுத்தாத்தான் அந்த ரெண்டு நாளும் சேரும். கொரோனா மாதிரி நோய்ல அறிகுறி தெரியற அந்த ஒன்னு ரெண்டு நாள்லதான் பரவலே அதிகம். அதுபோக ஆறு மாச சந்தாக் காலத்துல 78 நாளுக்கு சந்தா கட்டியிருக்கணும். புதுசா ஈ.எஸ்.ஐ.ல சேந்தவங்களுக்கு முதல் ஒன்பது மாசம் இது எட்டவே எட்டாது. வெளிமாநில ஆளுங்க கம்பெனி மாறி வர்றப்ப பழைய காப்பீட்டு எண்ணையே தொடரணும். அவசரத்துல புது எண் போட்டுவிட்டா அந்த ஒன்பது மாசம் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கும்.

அதனால திட்டத்துல இதை எழுத்துல போடுங்க: முதல் ரெண்டு நாள் முழுக் கூலி கம்பெனி பொறுப்பு, காய்ச்சல் லீவுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் வெட்டறதில்ல, பீஸ் ரேட் (தெச்ச உருப்படிக் கணக்குல கூலி) ஆளுங்களுக்கு கடைசி நாலு வார சராசரி. ஷிஃப்ட்டுக்கு 600 ரூபான்னு வச்சாலும் ரெண்டு நாளைக்கு 1,200. ஒரு ஓவர்லாக் டைலர் காய்ச்சலோட வந்து லைனையே படுக்க வச்சுட்டா ஷிப்மென்ட் தாமதத்துக்கு ஆகற செலவோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்த ரெண்டு நாளைக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேக்காதீங்க, வாட்ஸ்அப்ல ஒரு தகவல் போதும். சர்டிபிகேட்டுக்காக காய்ச்சலோட டிஸ்பென்சரி வரிசையில நிக்க வைக்கறதுல என்ன பிரயோசனம்?

பதில்: சென்னிமலை தறி

மாஸ்க் எறங்கறதுக்கு பாதிக் காரணம் துணிதானுங்க. 2020ல நம்ம பக்கம் கட்டிங் வேஸ்ட் சிங்கிள் ஜெர்ஸில தெச்ச மாஸ்க்தான் அதிகம். பின்னல் துணியை காதுவரைக்கும் இழுத்து மாட்டுனா கண்ணி விரிஞ்சுரும். மூக்குக் கம்பி இருக்காது. வேர்வையில நனைஞ்சா மூச்சு இழுக்கறப்ப வாயோட ஒட்டிக்கும், கை தானா கீழ இழுத்துரும். 2020 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன துணி மாஸ்க் மூணு அடுக்கு: உள்ள பருத்தி, நடுவுல பாலிபுரோப்பிலீன் நான்வோவன் (நெய்யாத துணி), வெளிய ஈரம் உறிஞ்சாத பாலியஸ்டர் கலந்தது. ரெண்டு அடுக்கு பனியன் துணி அதுக்கு ஈடாகாது.

கம்பெனிக்கு வாங்கறதுன்னா ஐ.எஸ். 16289 (இந்தியத் தர எண்) போட்ட சர்ஜிக்கல், ஆளுக்கு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு. சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் புதுசு குடுங்க. அயனிங் டேபிளுக்கு நீராவியில சீக்கிரம் நனையும், மூணு வேணும். பக்கவாட்டு இடைவெளிதான் பெரிய ஓட்டை. காது எலாஸ்டிக்கை மாஸ்க் ஓரத்தோட ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, மடிப்பை உள்ள தள்ளுனா கன்னத்தோட நிக்கும். 2021ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) டம்மித் தலையில செயற்கை இருமல் விட்டுப் பாத்தப்ப, சர்ஜிக்கல் தனியா பாதித் துகள் அளவுக்குத்தான் தடுத்துச்சு. மேல ஒரு துணி மாஸ்க் போட்டு அழுத்துனதும் தடுக்கறது ரொம்பவே ஏறிருச்சு. உள்ள இருக்கற மாஸ்க் அதேதான், இடைவெளி மட்டும் அடைஞ்சுது.

என்95, எஃப்.எஃப்.பி.2 வாங்குனா துவைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க. நடு அடுக்கு மெல்ட்புளோன்ல (உருக்கி ஊதுன நுண்ணிழைத் துணி) இருக்கற மின்னேற்றம்தான் துகளைப் புடிக்குது. சோப்போ சானிடைசரோ பட்டா அது போயிரும். பாக்கறதுக்கு புதுசாட்டம் இருக்கும், வடிகட்டாது. காகிதக் கவர்ல போட்டு, அஞ்சு மாஸ்க்கை நாளைக்கு ஒன்னா சுத்துல விடலாம். வால்வு வச்சது வேண்டாம், போட்டவர் விடற மூச்சு அப்படியே வெளிய வரும்.

இன்னொன்னு, சித்திரை வெயில்ல ஷீட் கூரைக்கடியில எட்டரை மணி நேரம் மாஸ்க்னு விதி போட்டா எவனும் கேக்க மாட்டான். வேன், லிஃப்ட், லைன் மீட்டிங், உடம்பு சரியில்லாதவர்கிட்ட போறப்பன்னு நாலஞ்சு இடம் குறிச்சு, அங்க மட்டும் விடாப்பிடியா நில்லுங்க. மத்த நேரத்துக்கு காத்தோட்டம்தான் வேலை செய்யணும்.

பதில்: காத்தோட்டம், கோவை

அதுக்குத்தான் வந்தேன். ஃபேன் ஓடறதுக்கு 110 பேர் சம்மதமும் தேவையில்ல, கரண்ட் இருந்தாப் போதும்.

உங்க ஹால் 67,200 கன அடி. மணிக்கு 6 தடவை காத்து மாறணும்னா நிமிசத்துக்கு 6,720 கன அடி வெளிய போகணும். 2021 வழிகாட்டுதல்ல உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர்னு சொல்லுது, 110 பேருக்கு அது நிமிசத்துக்கு சுமார் 2,330 கன அடிதான் வரும். பெரிய கணக்கை எடுத்துக்கங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் பிளேட்ல போட்டிருக்கறது தடையில்லாத அளவு. லூவர், வலை, பஞ்சு தூசி எல்லாம் சேந்தா மூணுல ஒரு பங்கு போச்சுன்னு வச்சுட்டு ஃபேன் எண்ணிக்கை போடுங்க.

வழக்கமா நடக்கற தப்பு, எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வைக்கறது. அந்த ஜன்னல் காத்தே உள்ள வந்து அப்படியே வெளிய போயிரும், நடு லைன்ல காத்து அசையாது. எக்ஸாஸ்ட் ஒரு சுவத்துல, தொறந்த ஜன்னல் எதிர்ச் சுவத்துல மட்டும். பெடஸ்டல் ஃபேன் ஒருத்தர் மூச்சை அடுத்த டேபிள்காரர் முகத்துக்குத் தள்ளாம எக்ஸாஸ்ட் பக்கமா பாக்கட்டும். வலையில பஞ்சு வாராவாரம் தட்டணும்.

ஆளுங்க விட்ட மூச்சு எவ்வளவு தேங்குதுன்னு பாக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்னு வாங்குங்க, என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியில அளக்கற) சென்சார் இருக்கறதா. மொதல்ல வெளிய வச்சுப் பாருங்க, 420 பிபிஎம் பக்கம் காட்டணும். அப்புறம் நடு லைன்ல, உக்காந்த உசரத்துல, ஜன்னலுக்கும் ஆள் முகத்துக்கும் தள்ளி வச்சு காலைல 11 மணி, சாயந்தரம் 5 மணி. 800க்குள்ள இருந்தா நல்லது, 1,000 தாண்டுனா ஃபேன் பத்தல. கேஸ் பாய்லர் ஹாலுக்குள்ளயே எரிஞ்சா அளவு ஏத்திக் காட்டும், நம்பாதீங்க. கம்பெனி வேனையும் ஒருக்கா அளந்து பாருங்க, ஜன்னல் மூடுன வேன் ஹாலை விட மோசமா இருக்கும்.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. முதலாளி கேட்ல கிருமிநாசினி டனல் வைக்கலாம்ங்கறார். ஹாஸ்டல்ல ஒருத்தருக்கு வந்துட்டா மத்தவங்க மறைக்காம சொல்ல வைக்கறதுக்கும் வழி தெரியல.

பதில்: வாசல் வேப்பிலை

டனல் நம்ம ஊர்ச் சரக்குதானுங்க. 2020 ஏப்ரல் தொடக்கத்துல தென்னம்பாளையம் சந்தையில வச்சாங்க, பல ஊர்ல பாத்து வச்சாங்க. ஏப்ரல் 18ல மத்திய சுகாதார அமைச்சகமே ஆள் மேல தெளிக்காதீங்கன்னு சொல்லிருச்சு. கண்ணும் தோலும் எரியும், நுரையீரலுக்குள்ள இருக்கற வைரஸை அது தொடறதும் இல்ல. ஆனா முதலாளி ஏன் கேக்கறார்னு புரியுது. கண்ணுக்குத் தெரியறதைத்தான் ஜனங்க நம்புவாங்க. மீட்டர் நம்பரை கேட் போர்டுல தினமும் எழுதிப் போடச் சொல்லுங்க, அவருக்கும் ஆடிட்டருக்கும் காட்ட ஒன்னு இருக்கும்.

பிளீச்சிங் பவுடர் கழிப்பறைக்கும் வாந்திக்கும் மட்டும்: 30 சதவீத குளோரின் உள்ளதுன்னா லிட்டருக்கு 30 கிராம் கலந்தா சுமார் 1 சதவீதக் கரைசல். அன்னன்னிக்குக் கலக்கணும், மூட்டை தொறந்து கெடந்தா வீரியம் போயிரும். ஆசிட் ஊத்துன தரையில இதையும் ஊத்துனா குளோரின் வாயு கெளம்பும், துப்புரவு ஆளுகிட்ட கட்டாயம் சொல்லுங்க.

மறைக்கறதுக்கு வருவோம். அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகுனா நம்ம பக்கம் யாரும் உள்ள போறதில்ல, அந்த வீட்டுக்காரங்களும் வெக்கப்படறதில்ல. அதே ஜனங்க 2020ல கதவுல ஒட்டுன கொரோனா ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டாங்க. வேப்பிலை வீட்டுக்காரங்களே வைக்கறது, ஸ்டிக்கர் வேறொருத்தர் வந்து ஒட்டறது. அதே வருசம் டிசம்பர்ல உச்ச நீதிமன்றமும், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உத்தரவு இருந்தாலொழிய போஸ்டர் ஒட்டக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனால நோட்டீஸ் போர்டுல பேர் போடாதீங்க, அபராதமும் வேண்டாம். தமிழ்நாடு அரசாங்கம் 2020 செப்டம்பர்ல மாஸ்க்குக்கு 200 ரூபா அபராதம் வச்சுது, 2022 ஜனவரில 500 ஆக்குச்சு. போலீஸ் நிக்கற சிக்னல்ல மட்டும் எல்லார் மாஸ்க்கும் சரியா இருந்துச்சு.

ஹாஸ்டல்ல ஜன்னலும் தனி பாத்ரூமும் இருக்கற ஒரு ரூமை இப்பவே ஒதுக்குங்க. செல்போன் சார்ஜர், மூணு வேளை சாப்பாடு, ஊருக்குப் பேச ரீசார்ஜ். ஜெயிலாட்டம் இருந்தா எவனும் சொல்ல மாட்டான். அறிவிப்பை ஒடியாவுலயும் இந்தியிலயும் அவங்க லைன் ஆள் குரல்லயே வாட்ஸ்அப் ஆடியோவா போடுங்க. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்னு ரூம்ல இருக்கட்டும், நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரல்ல, கை குளிர்ச்சியா இல்லாதப்ப பாக்கணும். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ நின்னா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

தடுப்பூசி முகாம் வந்தா கிழமை பாத்து வைங்க. 2021 செப்டம்பர்ல மெகா முகாம் ஞாயித்துக்கிழமைதான் ஆரம்பிச்சுது. கறி, சரக்கு சாப்பிடறவங்க ஊசி போடத் தயங்கறாங்கன்னு அக்டோபர்ல சனிக்கிழமைக்கு மாத்துனாங்க. கறி சாப்பிட்டா ஊசிக்கு ஒன்னும் ஆகாது, ஆனா அந்த வாதத்துல ஜெயிக்கறதை விட கிழமையை மாத்தறது சுலபம். உங்க கம்பெனில சனிக்கிழமை காலைல போட்டு, அன்னிக்கு முழு ஷிஃப்ட் சம்பளத்தையும் குடுத்து அனுப்புங்க. கை வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் திங்கக்கிழமைக்குள்ள அடங்கிரும்.