ஜூரி டியூட்டி சம்மன்: ஆளாளுக்குத் தப்பிக்க வழி சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஜெர்சிசிட்டி_முத்து:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் எனக்கு அமெரிக்க சிட்டிசன்ஷிப் கிடைத்தது. நியூவர்க் பெடரல் (மத்திய அரசு) கோர்ட்டிலிருந்து முதலில் ஒரு தகுதிப் படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினேன். இப்போது ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரச் சொல்லிச் சம்மனே வந்துவிட்டது.

ஆபீசில் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு யோசனை. "இங்கிலீஷ் சரியாப் புரியாதுன்னு சொல்லிடு, விட்டுடுவாங்க" என்கிறார் ஒருவர். "போலீஸ்காரன் பொய்யே சொல்ல மாட்டான்னு அடிச்சுப் பேசு, வக்கீலே உன்னை வெளியே அனுப்பிடுவார்" என்கிறார் இன்னொருவர். சிட்டிசன் இல்லை என்று படிவத்தில் டிக் போட்டிருக்கலாமே என்று கேட்ட புத்திசாலியும் உண்டு.

எனக்குச் சிக்கல் என்னவென்றால், சம்மன் தேதி வரும் வாரத்தில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று. தள்ளிவைக்கக் கேட்கலாமா? சம்பளம் பிடிப்பார்களா?

அப்புறம் அடிப்படையாகவே ஒரு சந்தேகம். சிட்டிசன்ஷிப் தேர்வுக்குப் படிக்கும்போது, குடிமக்களுக்கு மட்டும் உள்ள பொறுப்பு ஒன்றைச் சொல்லவும் என்ற கேள்விக்கு 'ஜூரியில் பணியாற்றுவது' என்று மனப்பாடம் செய்தேன். சரி. ஆனால் சட்டம் படிக்காத என்னை உட்கார வைத்து, ஒரு ஆள் குற்றவாளியா இல்லையா என்று கேட்பதில் என்ன நியாயம்? அதற்குத்தானே நீதிபதி இருக்கிறார்?

வசந்தி_ட்ரென்டன்:

முத்து தம்பி, முதலில் உன் வேலையை முடிப்போம். கல்யாணத்துக்குத் தாராளமாகப் போய் வா. தள்ளிவைக்க எப்படிக் கேட்பது என்று சம்மனோடு வந்த தாளிலேயே இருக்கும். டிக்கெட் நகலை வைத்து இன்றைக்கே கேள், முதல் தடவை கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். பதில் போடாமல் இருந்துவிடுவதுதான் வம்பு. தக்க காரணமில்லாமல் வராதவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 3 நாள் வரை சிறை, சமூக சேவை என்று பெடரல் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கோர்ட் ஒரு நாளைக்கு 50 டாலரும் பயணப்படியும் தரும். ஜூரிக்குப் போனார் என்பதற்காக நிரந்தர ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ மிரட்டவோ கூடாது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான பெடரல் சட்டம் கிடையாது. நீ ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளக்காரன் என்றால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அந்த வாரத்தில் சிறிதளவாவது வேலை பார்த்திருந்தால், ஜூரிக்குப் போன நாட்களுக்காகச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. கோர்ட் கொடுத்த தொகையை வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம். எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்.

இனி உன் ஆபீஸ் அறிவாளிகளுக்கு வருகிறேன். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்வாயா? சிட்டிசன்ஷிப் நேர்காணலில் அதிகாரி முன்னால் இங்கிலீஷில் படித்து, எழுதி, பதில் சொல்லித்தானே வந்தாய்? அந்தத் தகுதிப் படிவத்தில் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருப்பாய். உச்சரிப்பைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை, புரிந்தால் போதும். சிட்டிசன் இல்லை என்று டிக் போடச் சொன்னவரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. டெக்சாஸில் அப்படிச் சொல்லி ஜூரியிலிருந்து கழன்றுகொள்பவர்கள் பட்டியல் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கே போகிறது. ஒரு நாள் லீவு மிச்சமாகும், ஓட்டு போகும்.

நீதிபதி எதற்கு என்று கேட்டாயே, நல்ல கேள்வி. எந்தச் சட்டம் பொருந்தும், எந்தச் சாட்சியத்தைக் காட்டலாம் என்பதெல்லாம் அவர் வேலை. நடந்தது என்ன, யார் சொல்வதை நம்பலாம் என்பது ஜூரியின் வேலை. இதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம் என்பதுதான் இங்கே உள்ள நம்பிக்கை. அரசாங்கம் ஒருவர் மேல் வழக்குப் போட்டு, அரசாங்கமே விசாரித்து, அரசாங்கச் சம்பளம் வாங்குபவரே தீர்ப்பும் சொன்னால் அவர் யாரிடம் போவார்? 1776 சுதந்திரப் பிரகடனத்தில் பிரிட்டிஷ் மன்னர் மேல் அடுக்கிய புகார்களில், ஜூரி விசாரணையைப் பறித்ததும் ஒன்று. பிறகு அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தத்தில் கிரிமினல் வழக்குக்கும், ஏழாவதில் சிவில் வழக்குக்கும் எழுதியே வைத்துவிட்டார்கள். ஏழாவதில் 20 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்று இருக்கிறது, இன்னும் யாரும் மாற்றவில்லை!

நானும் ஜூரியில் இருந்திருக்கிறேன், அது ஒரு கிரிமினல் வழக்கு. ஆட்களைப் பற்றியும் தீர்ப்பைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன், நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் முழுக்க ஆள் பொறுக்குவதுதான். என்ன வேலை, கணவருக்கு என்ன வேலை, குடும்பத்தில் போலீஸ்காரர் உண்டா, போலீஸ் சொல்வதை மற்ற சாட்சி சொல்வதைவிட அதிகம் நம்புவீர்களா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றால் நீதிபதி மேசைப் பக்கம் கூப்பிடுவார்கள். அப்போது மற்றவர்கள் காதில் விழாதபடி ஸ்பீக்கரில் ஒரு இரைச்சலைப் போட்டுவிடுவார்கள், எனக்குப் பழைய ரேடியோ ஞாபகம் வந்தது. பெரிய கிரிமினல் வழக்கென்றால் காரணமே சொல்லாமல் அரசுத் தரப்பு 6 பேரையும் எதிர்த் தரப்பு 10 பேரையும் நீக்கலாம். ஆனால் இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986-லும், ஆணா பெண்ணா என்று பார்த்து நீக்கக் கூடாது என்று 1994-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னை யாரும் நீக்கவில்லை. மூக்குத்தியைப் பார்த்தும் விட்டுவைத்தார்கள்.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. கலந்து பேசும் அறைக்குள் போனதும் எங்களில் ஒருவர் முதலில் கேட்டதே அதைத்தான். தப்பு செய்யாதவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? நம் வீடுகளிலும் இதைத்தானே கேட்போம். எனக்கும் அந்த எண்ணம் ஓடாமல் இல்லை. எங்கள் ஜூரித் தலைவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நீதிபதி எழுத்தில் கொடுத்திருந்த அறிவுரையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். பேசாமல் இருப்பது ஐந்தாவது திருத்தம் கொடுத்த உரிமை, அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது, நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு மட்டுமே. அதற்குப் பிறகுதான் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். கேள்வி கேட்ட அதே மனிதர்தான், அரசுத் தரப்பு தேதிக் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

12 பேரும் ஒத்துப் போக வேண்டும். பெடரல் கோர்ட்டில் எப்போதுமே இதுதான் முறை. லூயிசியானாவிலும் ஆரிகனிலும் 10 பேர் சொன்னாலே தண்டிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். கறுப்பர் ஒன்றிரண்டு பேர் ஜூரியில் வந்துவிட்டாலும் அவர்கள் சொல் எடுபடாமல் போகட்டும் என்றுதான், எல்லோரும் ஒத்துப் போகத் தேவையில்லை என்ற ஏற்பாட்டை 1898-ல் லூயிசியானாவில் கொண்டுவந்தார்கள். 2020-ல் ரேமோஸ் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெண்கள் கதை வேறு. அதே லூயிசியானாவில், தானாக எழுதிக் கொடுத்தால் ஒழியப் பெண்ணுக்கு ஜூரி அழைப்பே வராது. 1975-ல்தான் அதுவும் அடிபட்டது. எனக்கு அழைப்பு வந்தபோது அலுத்துக்கொள்ளத் தோன்றாததற்கு இதெல்லாம் காரணம்.

கேஸ்ஸ்டேஷன்_அண்ணாச்சி:

வசந்தியம்மா நன்றாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் மாதச் சம்பளக்காரர் பேசுகிற பேச்சு இது. நான் கடையை மூடிவிட்டுப் போனால் அந்த 50 டாலர் கவுன்டர் பையன் சம்பளத்துக்கே காணாது. இன்னொன்று, பெடரல் வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறார்கள். ஜூரி என்பது பாதிக்கு மேல் அலங்காரம்.

வசந்தி_ட்ரென்டன்:

அண்ணாச்சி, பணக் கணக்கில் உங்களோடு சண்டை இல்லை. தாங்க முடியாத சிரமம் என்று எழுதிக் கேட்டால் விலக்கோ, தள்ளிவைத்தோ கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, கடைக்காரர்களுக்குக் கிடைத்தும் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. இப்படிக் கடைக்காரரும் டாக்சி ஓட்டுபவரும் தினக்கூலிக்காரரும் கழன்றுகொண்டால், ஓய்வு பெற்றவர்களும் பெரிய கம்பெனி ஆட்களும்தான் மிச்சம் இருப்பார்கள். 50 டாலரை ஏற்றினால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கட்சி. காங்கிரஸ் (இங்கத்திய நாடாளுமன்றம்) உறுப்பினருக்கு எழுதியும் போட்டேன், அச்சடித்த நன்றிக் கடிதம் வந்தது. மறுபடி எழுதுவேன்.

அலங்காரம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒப்புக்கொண்டு முடிப்பதற்கு முன் இரண்டு பக்க வக்கீல்களும் போடும் கணக்கே, இதை 12 பேர் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான். ஜூரிக்குப் பயந்து, எதை ஒப்புக்கொள்வது, எவ்வளவு தண்டனை என்ற பேரம் இறங்கும், ஏறும். பேரம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது உண்மை, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

க்ரீன்கார்டு_கனகா:

குறுக்கே ஒரு கேள்வி அக்கா. எனக்கு க்ரீன் கார்டுதான் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி), சிட்டிசன் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்து எடுத்தார்களோ என்னவோ, எனக்கும் ஒரு ஜூரி படிவம் வந்திருக்கிறது. போக வேண்டுமா? சிட்டிசன் இல்லாததால் இந்தத் திருத்தங்கள் எல்லாம் எனக்குக் கிடையாதா?

வசந்தி_ட்ரென்டன்:

போகக் கூடாது, கனகா. ஆனால் குப்பையிலும் போடாதே. சிட்டிசன் இல்லை என்று உண்மையாகக் குறித்து அனுப்பு, உன் விஷயத்தில் அதுதான் சரியான டிக். ஓட்டர் பதிவுப் படிவம் எங்கேயாவது, முக்கியமாக லைசென்ஸ் அலுவலகத்தில், கையில் கொடுத்தால் தொடாதே. சிட்டிசன் அல்லாதவர் பெடரல் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

உரிமைகள் வேறு கணக்கு. முதல் திருத்தத்திலும் நான்காவதிலும் 'மக்கள்' என்றும், ஐந்தாவதில் 'எந்த நபரும்' என்றும், ஆறாவதில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றும்தான் இருக்கிறது. நாளைக்கு உன் மேல் பெரிய கிரிமினல் வழக்கு வந்தாலும் (வராது!) ஜூரி கேட்கலாம், வக்கீல் வைக்கலாம், வாய் திறக்காமல் இருக்கலாம். ஓட்டும் ஜூரி நாற்காலியும்தான் சிட்டிசன் ஆன பிறகு.

ஜெர்சிசிட்டி_முத்து:

எல்லோருக்கும் நன்றி. தள்ளிவைத்துக் கொடுத்துவிட்டார்கள், கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தேதி. எச்ஆரும் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். இதற்குள் நேற்று ஒரு போன், "நீங்கள் ஜூரிக்கு வரவில்லை, வாரன்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் அபராதம் கட்டினால் விட்டுவிடுவோம்" என்று. கோர்ட் இப்படியெல்லாம் கூப்பிடுமா?

வசந்தி_ட்ரென்டன்:

கூப்பிடாது. எந்தக் கோர்ட்டும் போனில் பணமோ கார்டு எண்ணோ கேட்காது. அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிடாமல், சம்மனில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் பேசிச் சொல்லிவிடு. உன் தேதிக்கு முந்தின நாள் மாலையும் அதே சம்மனில் சொல்லியிருக்கிறபடி விசாரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு. சில சமயம் வழக்கு கடைசி நிமிடத்தில் முடிந்துபோய், வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.