அக்யூரசி, பிரிசிஷன்: சுகர் மெஷின் கையேட்டுக்கு இரண்டு சொல் வேண்டும்

மா. எழுதியது:

வீட்டில் சுகர் பார்ப்பவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்குமே துல்லியம் என்றுதான் கை போகிறது. லேப் அளவுக்கு எவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறது என்பது முதலாவது. அதே ரத்தத்தை அடுத்தடுத்து வைத்தால் ஒரே அளவு வருகிறதா என்பது இரண்டாவது. லேபில் 160, மெஷினில் 208, 210, 209. இதில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. என்ன சொல்லலாம்?

இரா. எழுதியது:

துல்லியம் வடமொழித் 'துல்ய'. நமக்கெதற்கு? 118ஆம் குறளைப் பாருங்கள்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை'. முதலாவதற்குக் கோடாமை, அதாவது ஒரு பக்கம் சாயாமை; ஒரேயடியாகக் கூட்டிக் காட்டும் குறைக்குக் கோட்டம். துலாக்கோலில் உள்ள துலாவே தமிழ்தான் என்பது என் நெடுநாள் கருத்து. தூக்கு, தூங்கு, துலை எல்லாம் ஒரே வேர். ஏற்றத்தின் துலாவும் அதுவே. விரிவாகத் தனி மடல் இடுகிறேன்.

பொ. எழுதியது:

ஐயா, 'துல்ய' பிறந்ததே துலாவிலிருந்துதான். துலா தமிழென்றால் துல்லியமும் தமிழாகிவிடுமே! அப்புறம் அதை ஏன் விரட்டுகிறீர்கள்? கோட்டம் என்றால் என் மாணவர்களுக்கு மின்வாரிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் நான் துல்லியம், நுட்பம் என்றே சொல்லித்தருகிறேன்.

செ. எழுதியது:

வார்டில் இருபது வருடமாக ஊசி குத்துகிறவள் சொல்கிறேன். நுட்பம் என்றால் 'நல்ல டெக்னாலஜி மெஷின்' என்றுதான் படிப்பார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே: 'லேப்ல 160, வீட்ல 180. மெஷின் கெட்டுப்போச்சா சிஸ்டர்?' கெடவில்லை. சுகர் மெஷின்களுக்கான உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 15197இன் 2013 பதிப்புப்படி, சுகர் 100க்குக் கீழே இருந்தால் 15 மி.கி. வரையும், 100 முதல் மேலே 15 சதவீதம் வரையும் கூடவோ குறையவோ காட்டலாம். நூற்றுக்கு 95 அளவுகள் இதற்குள் வந்தால் போதும். 160க்கு 136 முதல் 184 வரை கணக்கில் சரி. சாப்பிட்டதும் பார்த்தால் விரல் நுனி ரத்தத்தில் சுகர் நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் 300 காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் ஏறித் தப்பாக வரும். ரத்தசோகை இருந்தால் பல மெஷின்கள் கூட்டிக் காட்டும். கையேட்டில் இதற்கு இடம் விடுங்கள். லேப் அளவிலிருந்து தள்ளிக் காட்டுவதற்குச் சொல் வேண்டுமென்றால் 'விலகல்' போதும்.

பொ. எழுதியது:

செ. அம்மா, விலகல் என்றால் புள்ளியியலின் திட்ட விலக்கத்தோடு (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) குழம்பும். அளவுகள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பது அது; பிரிசிஷன் பக்கம்.

செ. எழுதியது:

திட்ட விலக்கம் தெரிந்தவருக்கு இந்தக் கையேடே வேண்டாம் சார்.

இரா. எழுதியது:

அதற்காகப் பாமரர் பெயரைச் சொல்லி மொழியைத் தரையில் வைப்பதா? முப்பது வருடம் முன்பு 'கணினி' என்றாலும் சிரித்தார்கள். 119ஆம் குறளில் 'செப்பம்' இருக்கிறது, கோட்டத்துக்கு நேர் எதிராகவே. அதையாவது எடுங்கள்.

மா. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் துல்லியம், மாறாமை என்ற இணைக்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கும் நேரமில்லை. முதல் முறை வரும்போது துல்லியத்துக்கு 'லேப் அளவோடு ஒத்துப்போவது' என்றும், மாறாமைக்கு 'திரும்பப் பார்த்தாலும் அதே அளவு' என்றும் விளக்கம் தருகிறேன். செ. அம்மா சொன்ன 136–184 கணக்கை அட்டையிலேயே போடுகிறேன்.

இரா. எழுதியது:

கோடாமையை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். மாறாமையும் ஆபத்தான சொல். காலையில் 90 இருந்து மதியம் 240க்கு ஏறினாலும் ஒரே எண்ணைக் காட்டும் பழுதான மெஷினுக்கல்லவா அது பொருந்தும்?