பரதம் பி.எஃப்.ஏ: ஆட வருது, தியரி பேப்பர்தான் வரமாட்டேங்குது

சலங்கைசத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். பரதநாட்டியம் பி.எஃப்.ஏ (நுண்கலை இளங்கலைப் பட்டம்) முதல் வருஷம் படிக்கிறேன். சின்ன வயசுலேர்ந்து எங்க ஊர் டீச்சர்கிட்ட கத்துக்கிட்டு வர்ணம்ங்கிற பெரிய உருப்படி வரைக்கும் ஆடியாச்சு, ஆனா இங்க தியரி கிளாஸ்ல உக்காந்தா ஒண்ணுமே ஏறல. எந்தக் கை முத்திரைய எதுக்கெல்லாம் புடிக்கலாம்னு சொல்ற விநியோக ஸ்லோகம் பூரா சமஸ்கிருதம், அதை மனப்பாடம் பண்ணி எழுதணும், தாளத்துல 35 வகைன்னு ஒரு டேபிள் குடுத்திருக்காங்க, அதுவும் எழுதணும். போதாக்குறைக்கு எங்க டீச்சர் சொல்லிக்குடுத்த அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) பேரு வேற, இங்க சொல்ற பேரு வேற, வைவால என்ன சொல்றதுன்னே தெரியல. அரைமண்டில (முட்டிய மடக்கி பாதி உக்காருற நிலை) இன்னும் உக்காருன்னு சொல்லிட்டே இருக்காங்க, முட்டி வலி வேற. படிச்சு முடிச்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

தில்லானா_அக்கா:
தங்கச்சி, ஸ்லோகத்தை நோட்டை வச்சுக்கிட்டு படிக்காத, கையை வச்சுக்கிட்டு படி. பதாகம்ங்கிற முத்திரைக்கு "நாட்யாரம்பே வாரிவாஹே வனே"ன்னு வருதுல்ல, நாட்டியத் தொடக்கம், மேகம், காடு, அடுத்து ஒண்ண வேண்டாம்னு மறுக்கிறது, இதெல்லாம் நீ வர்ணத்துல ஏற்கனவே புடிச்ச கைதானே. வாய் சொல்லும்போது கை அங்க போகணும், ஒரு வாரத்துல தானா நிக்கும்.
இன்னொண்ணு, பரீட்சைல மார்க் போற இடமே இதான்: எந்த நூல்னு எழுதாம வெறும் எண்ணிக்கைய எழுதிட்டு வந்துடுவாங்க. ஒத்தக் கை முத்திரை அபிநய தர்ப்பணத்துல 28, நாட்டிய சாஸ்திரத்துல 24. ரெட்டைக் கை நாட்டிய சாஸ்திரத்துல 13, அபிநய தர்ப்பணத்துல 23ன்னும் சொல்லுவாங்க 24ன்னும் சொல்லுவாங்க, பதிப்பைப் பொறுத்தது. அதனால முதல் வரியிலயே நூல் பேரைப் போட்டுடு.

மிருதங்கபையன்:
அக்கா சொன்னது சரி, தாளத்துக்கு நான் சொல்றேன். அந்த டேபிளை மனப்பாடம் பண்ணவே பண்ணாதீங்க. ஏழு தாளம், அஞ்சு ஜாதி, அவ்வளவுதான். ஜாதி மாறுனா லகு (ஒரு தட்டு தட்டி விரல் எண்ணுற பகுதி) மட்டும்தான் மாறும், திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. திருதம் (தட்டித் திருப்புறது) எப்பவும் 2, அனுதிருதம் (ஒத்தத் தட்டு) 1. திரிபுடைன்னா ஒரு லகு ரெண்டு திருதம், அப்போ சதுஸ்ர ஜாதின்னா 4+2+2, எட்டு, அதான் நீங்க தெனம் ஆடுற ஆதி தாளம். அட தாளம் ரெண்டு லகு ரெண்டு திருதம், கண்ட ஜாதில போட்டா 14. ஏழு தாளத்தோட அங்கம், அதாவது எத்தனை லகு, திருதம், அனுதிருதம்னு மட்டும் தெரிஞ்சா போதும், மீதி ஹால்ல உக்காந்தே கூட்டிக்கலாம். பஸ்ல போகும்போது தொடையில போட்டுப் பாருங்க, பக்கத்து சீட்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல.

பழைய_பாணி:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. இந்த சமஸ்கிருத நூலைத்தான் தியரின்னு நெனைக்கிறதே பாதி பிரச்சனை. முதல் உருப்படி அலாரிப்புலேர்ந்து கடைசி தில்லானா வரைக்கும் இன்னைக்கு ஆடுற வரிசைய 19ஆம் நூற்றாண்டுல ஒழுங்கு பண்ணினது தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நட்டுவனார் (ஆட்டம் சொல்லிக்குடுக்கிற குரு) வீடுகள்ல தியரி சொல்லுக்கட்டுலயும் (வாயால சொல்ற தாளச் சொல்) தாளம் தட்டுற தட்டுகழியிலயும்தான் இருந்துச்சு. அதனால நட்டுவாங்கம் (ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துறது) கிளாஸை சைடு சப்ஜெக்ட்னு விட்டுடாதம்மா, ஜதி சொல்லி கையில தாளம் போட்டா அடவோட கணக்கு தன்னால புரியும். அடவு பேர் விஷயத்துக்கு பயப்படாத, பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா பாணி எல்லாத்துலயும் பேரும் சொல்லும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். வைவால "இந்த பாணில இப்படி, எங்க டீச்சர்கிட்ட இப்படி"ன்னு ரெண்டையும் சொல்லு, நல்ல எக்ஸாமினர் யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

தில்லானா_அக்கா:
@பழைய_பாணி ஒத்துக்கிறேன், ஆனா பேப்பர் செட் பண்றவங்க ஸ்லோகம்தானே கேக்குறாங்க, பாவம் அந்தப் பொண்ணு என்ன பண்ணும் 😅

முட்டிக்கு_வக்காலத்து:
யாருமே முட்டி பத்தி பேசல. அரைமண்டில பாதம் பக்கவாட்டுல திரும்புறது இடுப்பு மூட்டுலேர்ந்து வரணும். இடுப்பு திரும்புற அளவை மீறி பாதத்தை மட்டும் திருப்பி வச்சா முறுக்கு பூரா முட்டிக்குத்தான் போகும். கண்ணாடி முன்னாடி நில்லுங்க, முட்டி உங்க பாதவிரல் பாக்குற திசைலயே இருக்கான்னு பாருங்க, உள்ள சாயுதுன்னா பாதத்தைக் கொஞ்சம் உள்ள கொண்டு வாங்க, அழகு கம்மியானா ஆகட்டும். சிமெண்ட் தரைல தட்டடவு மூணு காலம் அடிச்சுட்டு அப்படியே போய் உக்காராதீங்க. வலி ரெண்டு வாரம் தாண்டுனா டாக்டர்கிட்ட காட்டுங்க, தைலத்தைத் தேய்ச்சுட்டு ஆடாதீங்க.

சலங்கைசத்தம்:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். தாளம் இப்பவே போட்டுப் பாத்தேன், புரியுது! 108 கரணம் (கை, கால் சேர்ந்த நடன நிலை) அடுத்த செமஸ்டர்ல வருதாம், அதுக்கும் ஏதாவது வழி இருக்கா?

பழைய_பாணி:
சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போயிட்டு வா. கோபுர வாசல் உள்சுவர்ல கரணச் சிற்பம் வரிசையா இருக்கும், கிழக்கு மேற்கு கோபுரத்துல நாட்டிய சாஸ்திர ஸ்லோகமும் கூடவே வெட்டியிருக்கும். தஞ்சாவூர் பெரிய கோயில்லயும் இருக்கு, 81 செதுக்கியிருக்காங்க, மீதி 27 கல்லு வெறுமனே நிக்குது, ஆனா அது விமானத்து மேல்தளம், சாதாரணமா உள்ள விடமாட்டாங்க. நோட்டு, பென்சில் எடுத்துட்டுப் போ, போட்டோ மட்டும் எடுத்தா காலோட நிலை மனசுல பதியாது.